தள்ளி உட்கார்ந்தால் வெறுப்பு என்று அர்த்தமில்லை: மனச்சிதைவு நோயில் வீட்டார் செய்யும் தவறுகள்

சென்னையில் வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் பழைய ஹவுசிங் போர்டு வீடு என்றால் ஒரு ஹால், ஒரு அடுப்படி, அவ்வளவுதான். ஐந்து பேர் பாய் விரித்தால் ஒருத்தர் கால் இன்னொருத்தர் மேல் படும். அங்கே மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) உள்ள பையன் மாடிப்படியில் போய் உட்காருகிறான், சொந்தக்காரர் வந்தால் எழுந்து வெளியே போய்விடுகிறான். 'திமிரு' என்கிறது வீடு. முக்கால்வாசித் தவறு இந்த ஒரு சொல்லில்தான் தொடங்குகிறது.

அவன் ஏன் தள்ளிப் போகிறான் என்று புரிய ஒரு சின்ன விஷயம்: நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்டிக்கொண்டால் அவ்வளவாகக் கூசாது. 'இது என் கை' என்று மூளை முன்கூட்டியே குறித்துக்கொண்டு உணர்வை மட்டுப்படுத்திவிடும். யாரும் பேசாமலே காதில் குரல் கேட்பவர்களையும், யாரோ தன்னை இயக்குவதாக உணர்பவர்களையும் வைத்து ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். முடிவு 2000-ல் வெளியானது. தன் கை பட்டாலும் பிறர் கை பட்டாலும் அவர்களுக்கு ஏறக்குறைய ஒரே மாதிரி கூசியது. மனதுக்குள் ஓடும் பேச்சிலும் அந்தக் குறிப்பு விடுபட்டால், சொந்த எண்ணமே வெளியாள் குரலாகக் கேட்கக்கூடும் என்பது ஒரு முக்கிய விளக்கம். 'நான்' எங்கே முடிகிறது, அடுத்தவர் எங்கே தொடங்குகிறார் என்ற கோடு மங்கிப்போனவருக்கு, ஆள் நெருங்கி வருவதே உள்ளே நுழைவது போலிருக்கும். கோடு போனதை இடைவெளி விட்டுச் சரிக்கட்டுகிறார். (டபுள் பர்சனாலிட்டி என்று சினிமாவில் பார்ப்பது வேறு, இதில் ஒருவருக்குள் இரண்டு ஆட்கள் கிடையாது.)

அதனால் பின்னாலிருந்து தோளில் கை போடாதீர்கள். பாசமாகத்தான் போடுகிறோம், ஆனாலும் வேண்டாம். முன்பக்கமாக வந்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு, அவர் திரும்பிய பிறகு பேசுங்கள். ஒரு கை நீளத்துக்கும் சற்று அதிகமாகத் தள்ளி நில்லுங்கள். அவர் பின்னால் சாய்ந்தால் இன்னும் அரையடி விடுங்கள். நேருக்கு நேர் உட்கார்ந்து கண்ணைப் பார்ப்பதைவிட, பக்கவாட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே பேசினால் பேச்சு வரும். ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பத்து விநாடியாவது சும்மா இருங்கள். பதில் வரவில்லையே என்று அம்மா ஒன்று, அக்கா ஒன்று என்று அடுக்கினால் இருக்கிற பதிலும் போய்விடும்.

எங்கள் கணக்கில் ரொம்ப மோசமான வாக்கியம் இதுதான்: "உன் மனசுல இன்னா ஓடுதுன்னு எனக்குத் தெரியாதா?" மற்ற வீட்டில் இது செல்லக் கோபம். தன் எண்ணம் வெளியே கேட்கிறது என்று ஏற்கெனவே பயப்படுபவருக்கு இது சாட்சி. சாப்பாட்டில் மாத்திரையைக் கலப்பதும் இந்த வகைதான். ஒருநாள் கண்டுபிடித்தால், 'சோத்துல ஏதோ போடுறாங்க' என்ற சந்தேகம் உண்மையாகிவிடும். பிறகு சோறும் இறங்காது, மாத்திரையும் இறங்காது. மாத்திரை வேண்டாம் என்று அடம்பிடித்தால், மாதம் ஒருமுறை போடும் ஊசி பொருந்துமா என்று அவரையும் கூட வைத்துக்கொண்டே டாக்டரிடம் கேளுங்கள்.

'கூடவே இருந்தால் சரியாகிவிடும்' என்று நாள் முழுக்க எதிரில் உட்காருவது இன்னொரு தவறு. குற்றம் சொல்லுதல், வெறுப்பு, அளவுக்கு மீறிய பொத்திப் பாதுகாப்பு நிறைந்த வீடுகளில், வாரம் 35 மணி நேரத்துக்கு மேல் முகத்துக்கு முகம் இருந்தவர்களுக்கு நோய் திரும்புவது அதிகம் என்று 1970-களில் லண்டன் ஆய்வுகள் காட்டின. ஒற்றை ஹால் வீட்டில் அந்தக் கணக்கு மூன்று நாளிலேயே தாண்டிவிடும். அம்மா சாயங்காலம் இரண்டு மணி நேரம் பக்கத்து பிளாக்குக்குப் போய்வருவது கைவிடுவது ஆகாது.

தனி அறை இல்லையென்றால் ஒரு மூலை போதும். கதவுக்குப் பக்கத்துச் சுவரோரம் அவர் பாய், குறுக்கே கயிறு கட்டிப் பழைய புடவை. இரவில் எழுந்தால் யாரையும் தாண்டாமல் வெளியே போக வேண்டும், அதற்குத்தான் கதவுப் பக்கம். திரையை விலக்கும் முன் குரல் கொடுங்கள். அந்த மூலையில் துணிமூட்டையை அடுக்காதீர்கள்.

விருந்தாளி வருவதைக் காலையிலேயே சொல்லிவிடுங்கள்: யார், எத்தனை பேர், எவ்வளவு நேரம். பத்து நிமிடத்தில் எழுந்து போனாலும் "இன்னாப்பா, மாமா வந்திருக்காரு, ஒக்காரு" என்று இழுக்க வேண்டாம். வெளியே போகும்போது ஷேர் ஆட்டோவில் நடுவில் உட்காரவைக்காதீர்கள், ஓரத்து சீட் கொடுங்கள். எம்.சி. ரோட்டில் துணி எடுக்க வேண்டுமானால் தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு வேண்டாம், சாதாரண நாள் காலையில் போங்கள்.

இதற்கு நேரெதிர்த் தவறும் உண்டு: தட்டை வாசலில் வைத்துவிட்டு ஆளையே மறந்துவிடுவது. இடைவெளி வேறு, ஒதுக்குவது வேறு. தினமும் ஒரு சின்ன வேலை, தண்ணிக் குடம் தூக்குவது போல, அவர் பேரில் இருக்கட்டும்.

உட்காரவே முடியாமல் அங்குமிங்கும் நடந்தால் அதையும் 'தனியா இருக்கணும்னு பார்க்கிறான்' என்று விடாதீர்கள். சில மாத்திரைகளின் பக்கவிளைவாகக் காலில் அப்படி ஒரு நிலைகொள்ளாமை வரும். டோஸை மாற்றினால் குறையும், ஆனால் மாற்ற வேண்டியவர் டாக்டர். நீங்களாக நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும்.

சாவைப் பற்றிப் பேசினால், சாப்பாடு தண்ணி தொடாமல் கிடந்தால், 'செய்' என்று குரல் கட்டளையிடுகிறது என்று சொன்னால், இடைவெளிக் கணக்கெல்லாம் அப்புறம். அன்றைக்கே ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கோ கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கோ கூட்டிப்போங்கள். 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று ஊரே கேலி பேசிப் பழகிவிட்டதால் பலர் அந்த வாசலை மிதிக்கத் தயங்கி மாதக்கணக்கை இழக்கிறார்கள். ராத்திரி என்ன செய்வது என்று தெரியாவிட்டால் 14416, டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். போனை எடுத்துக்கொண்டு மூலையில் போய்க் கிசுகிசுக்காதீர்கள். "உனக்குத் தூக்கம் வராததைப் பத்திக் கேட்கப்போறேன்" என்று அவரிடம் சொல்லிவிட்டே பேசுங்கள்.