போடன்சே ஏரியைச் சைக்கிளில் சுற்றுவது எப்படி: கடிகாரம் பார்த்து ஓட்டுங்கள்

ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து மூன்று நாடுகளும் பங்கு போட்டுக்கொண்ட ஏரி போடன்சே. அதைச் சுற்றி ஓடும் சைக்கிள் பாதை சுமார் 260 கிலோமீட்டர். பெரும்பாலும் சமதரைதான், ஆல்ப்ஸ் மலை தூரத்தில் படம் காட்டுவதோடு சரி, ஏறச் சொல்லி நம்மைக் கூப்பிடாது. அதனால் தினமும் எத்தனை கிலோமீட்டர் ஓட்டலாம் என்று கணக்குப் போட்டு மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இந்தப் பாதையில் ஆளைச் சோர வைப்பது ஊர்களில் குவியும் கூட்டம். ஜூலை, ஆகஸ்ட் மாத மதிய நேரத்தில் லிண்டாவிலோ மேர்ஸ்புர்க்கிலோ போய் மாட்டினால், ஐஸ்கிரீம் கோனோடு நடக்கும் குடும்பங்களுக்கும் திடீரென்று நிற்கும் வாடகை சைக்கிள்களுக்கும் நடுவில் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போக முடியும்.

அதனால் என் விதி ஒன்றே ஒன்று. பிரபலமான ஊர்களுக்குள் காலை ஒன்பதரைக்கு முன்னால் இருங்கள், இல்லையென்றால் மாலை ஆறு மணிக்கு மேல் போங்கள். நடுப்பகலை ஆப்பிள் தோட்டத்துக்கும் திராட்சைச் சரிவுக்கும் நாணல் காட்டுக்கும் கொடுத்துவிடுங்கள். மே, ஜூன், செப்டம்பர் நல்ல மாதங்கள். செப்டம்பரில் ஆப்பிள் பழுத்துத் தொங்கும், ஏரித் தண்ணீரும் குளிக்கிற சூட்டில் இருக்கும்.

எந்தப் பக்கமாகச் சுற்றுவது? கடிகார முள் சுற்றும் திசையில். இங்கே வண்டிகள் சாலையின் வலது பக்கம் ஓடும், அந்தத் திசையில் போனால் ஏரியும் வலது பக்கம்தான் வரும், கரையோரம் நிறுத்திப் படம் எடுக்க எதிரில் வருபவர்களைக் குறுக்கே கடக்க வேண்டியதில்லை.

கொன்ஸ்டன்ஸ் நகரத்தில் தொடங்குங்கள். ஸூரிக்கிலிருந்து ரயிலில் சுலபமாக வந்துவிடலாம், வாடகைக்கு நல்ல சைக்கிளும் கிடைக்கும். முதல் நாள் ஊர் சுற்றாமல் காலை ஏழு மணிவாக்கில் மேர்ஸ்புர்க் போகும் கார் ஃபெர்ரியில் ஏறிவிடுங்கள். இரவு பகல் பாராமல் ஓடுகிற ஃபெர்ரி அது, கால் மணி நேரத்தில் அக்கரை. அந்த நேரத்தில் மேர்ஸ்புர்க்கின் சந்துகளில் பால் வண்டியும் பேக்கரிக்காரர்களும்தான் இருப்பார்கள். சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டு, செங்குத்தான தெருவில் நடந்து மேல் ஊருக்கு ஏறுங்கள், பழைய கோட்டையையும் கீழே விரிந்து கிடக்கும் ஏரியையும் நிம்மதியாகப் பார்க்கலாம்.

அங்கிருந்து ஹாக்னாவ் வரை திராட்சைத் தோட்டங்கள், கொள்ளை அழகு. அதற்குப் பிறகு ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபன் வரை பாதை அங்கங்கே பி 31 நெடுஞ்சாலையை ஒட்டியே போகும், லாரிச் சத்தம் காதைப் பிளக்கும். சுற்றுலாக் கையேடுகள் இதைச் சொல்வதில்லை. தலையைக் குனிந்துகொண்டு ஓட்டிக் கடந்துவிடுங்கள். ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபனில் பழைய துறைமுக ரயில் நிலையத்தில் செப்பலின் அருங்காட்சியகம் இருக்கிறது. 1900 ஜூலையில் முதல் செப்பலின் வான்கப்பல் பறந்தது இந்த ஏரியின் மேல்தான். மழை வந்தால் ஒதுங்க இதைவிட நல்ல இடம் கிடையாது, வெயில் அடித்தால் நான் தாண்டிப் போய்விடச் சொல்வேன்.

லாங்கன்ஆர்கன், க்ரெஸ்ப்ரோன், நோனன்ஹார்ன் பக்கம் வந்ததும் பாதை வயலுக்கு நடுவே புகுந்துவிடும். வரிசை வரிசையாக ஆப்பிள் மரங்கள், கொஞ்சம் உள்ளே தள்ளி டெட்னாங் பக்கம் பீருக்கான ஹாப் கொடிகள் உயரமான கம்பங்களில் ஏறி நிற்கும். தோட்டத்து வாசலில் பழக் கூடையும் ஒரு சின்னக் காசுப் பெட்டியும் வைத்திருப்பார்கள், பழத்தை எடுத்துக்கொண்டு காசைப் போட்டுவிட்டுப் போக வேண்டியது, பார்க்க ஆள் இருக்காது. சில்லறை கையில் வைத்திருங்கள். இரவுக்கு இந்தச் சின்ன ஊர்களில் ஒன்றில் அறை எடுத்துப் பையைப் போட்டுவிட்டு, பாரம் இல்லாத சைக்கிளில் மாலையில் லிண்டாவ் தீவுக்குப் போய் வாருங்கள். பகல் கூட்டம் ரயிலேறிப் போயிருக்கும், துறைமுக வாயிலில் ஒரு பக்கம் கல் சிங்கமும் மறுபக்கம் கலங்கரை விளக்கமும் மாலை வெளிச்சத்தில் நிற்கும், பாதையோர உணவகங்களில் நாற்காலியும் கிடைக்கும்.

இரண்டாம் நாள் காலையில் லிண்டாவைத் தாண்டிப் பத்துக் கிலோமீட்டர் ஓட்டினால் ஆஸ்திரியாவின் ப்ரேகன்ஸ். தண்ணீர் மேல் கட்டிய பெரிய இசை நாடக மேடை இங்கேதான். ஜூலை, ஆகஸ்டில் இசை விழா நடக்கும்போது அறை வாடகை எகிறிவிடும், அப்போது இங்கே தங்கத் திட்டம் போடாதீர்கள். ப்ரேகன்ஸைத் தாண்டியதும் ரைன் நதி ஏரியில் கலக்கும் வடிநிலம். நாணல், பறவைகள், ஆற்றுக் கரை, கூட்டமே இல்லை. மதியச் சாப்பாட்டைக் கட்டி எடுத்துக்கொண்டு போய் இங்கே உட்காருங்கள். நிழல் குறைவு, எதிர்க்காற்றும் சில நாள் படுத்தும், இரண்டு பாட்டில் தண்ணீர் வேண்டும்.

சுவிஸ் கரை வேறு மாதிரி. ரோர்ஷாக், ஆர்போன், ரோமன்ஸ்ஹார்ன் வழியாக ரயில் பாதைக்குப் பக்கத்திலேயே ஓட்டுவீர்கள், ஊர்கள் அமைதியானவை, வழிகாட்டிப் பலகைகள் சிவப்பு நிறத்தில் துல்லியமாக இருக்கும். விலைதான் மூச்சு முட்ட வைக்கும். பிராங்க் வேறு, யூரோ வேறு, இரண்டும் கொஞ்சம் பையில் இருக்கட்டும். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை என்பதால் போனில் ரோமிங் கட்டணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், எல்லையில் பொதுவாக யாரும் நிறுத்த மாட்டார்கள் என்றாலும் பாஸ்போர்ட் கையில் வேண்டும். சுவிஸில் ஈழத்தமிழர்கள் நிறையப் பேர் குடியேறி வாழ்கிறார்கள், கடையிலோ ரயில் நிலையத்திலோ திடீரென்று தமிழ்க் குரல் கேட்டால் ஆச்சரியப்பட வேண்டாம், பேச்சுக் கொடுத்துப் பாருங்கள்.

மூன்றாம் நாள் க்ரொய்ட்ஸ்லிங்கன் வழியாக, போடன்சேயின் மேற்குப் பகுதியான கீழ் ஏரியின் தென்கரையைப் பிடித்தால் மாலையில் ஷ்டைன் அம் ரைன். முகப்பு முழுக்க ஓவியம் தீட்டிய வீடுகள் நிறைந்த சதுக்கம் அது. மதியத்தில் பஸ் பஸ்ஸாக ஆட்கள் இறங்குவார்கள், மாலையில் அவர்கள் போனபின் நாம் வருகிறோம், விதி இங்கேயும் வேலை செய்கிறது. நான்காம் நாள் எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸே சில வருடம் குடியிருந்த ஹோரி தீபகற்பத்தைச் சுற்றி ராடோல்ஃப்செல். தெம்பு இருந்தால் ரைஷனாவ் தீவுக்கும் போகலாம், இரு பக்கமும் பாப்ளர் மரங்கள் நிற்கும் கரைச்சாலையில் ஓட்டிக்கொண்டே தீவுக்குள் நுழையலாம். பழைய மடாலயத்துக்காக யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற தீவு, உள்ளே போனால் கீரையும் தக்காளியும் விளையும் கண்ணாடிக் குடில்கள்தான் அதிகம் கண்ணில் படும்.

கடைசி நாள் ராடோல்ஃப்செல்லில் இருந்து நேராகக் குன்றில் ஏறாமல் ஷ்டாரிங்கன், எஸ்பாசிங்கன் வழியே பள்ளத்தாக்கில் போனால் முழங்கால் தப்பிக்கும். லுட்விக்ஸ்ஹாஃபன், சிப்லிங்கன், ஊபர்லிங்கன் என்று வந்து, உண்டர்ஊல்டிங்கனில் ஏரிக்குள் கம்பு நட்டுக் கட்டிய ஆதிகால வீடுகளின் மாதிரிகளைப் பார்த்துவிட்டு மேர்ஸ்புர்க் ஃபெர்ரியைப் பிடித்தால் சுற்று முடிந்தது. மைனாவ் மலர்த் தீவு பார்க்க ஆசை என்றால் தனி நாள் ஒதுக்குங்கள், சைக்கிளை உள்ளே விட மாட்டார்கள்.

இனி சில்லறை விஷயங்கள். கியர் உள்ள சாதாரண சைக்கிள் போதும், பந்தய சைக்கிள் வேண்டாம், சில இடங்களில் சரளைக் கல். பாரத்தை முதுகில் சுமக்காமல் பின் கேரியரின் இரு பக்கமும் மாட்டும் பைகளில் வையுங்கள். ஒரு மாற்று டியூப், பம்ப், பஞ்சர் ஒட்டும் சாமான், நல்ல சத்தம் வரும் பெல். மின்சார சைக்கிள் என்றால் சுவிஸில் பகலிலும் விளக்கு எரிய வேண்டும், அது சட்டம். தோட்டத்துக்குத் தோட்டம் ஒயின் ருசி பார்க்கக் கூப்பிடுவார்கள், ஆனால் குடித்துவிட்டு ஓட்டினால் சைக்கிளுக்கும் தண்டனை உண்டு, ரத்தத்தில் மது சுவிஸில் ஆயிரத்துக்கு 0.5 பங்கு, ஆஸ்திரியாவில் 0.8 பங்கு என்பது வரம்பு. ஜெர்மனியில் ஞாயிறு அன்று கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே ரொட்டியும் பழமும் வாங்கி வைத்துவிடுங்கள். சைவம் சாப்பிடுகிறவர்களில் முட்டை பரவாயில்லை என்பவர்கள் கேஸ்ஷ்பெட்ஸ்லே கேளுங்கள், சீஸும் பொரித்த வெங்காயமும் போட்ட மாவுருண்டை, ஒரு தட்டு தின்றால் அடுத்த முப்பது கிலோமீட்டருக்குப் பசிக்காது. மீன் பிரியர்களுக்கு ஒன்று: ஏரியின் பேர் பெற்ற ஃபெல்ஷன் மீன் குறைந்துபோய் 2024 முதல் மூன்று வருடத்துக்கு அதைப் பிடிக்கத் தடை போட்டார்கள், மெனுவில் அந்தப் பெயரைப் பார்த்தால் எங்கிருந்து வந்தது என்று கேட்டுவிட்டு ஆர்டர் செய்யுங்கள்.

அறைகளை முன்கூட்டியே பிடியுங்கள், கோடையில் ஒரு இரவுக்கு மட்டும் என்றால் பல விடுதிகள் தயங்கும். தூக்கத்துக்கு ஜெர்மன் கரையும் ஆஸ்திரியக் கரையும்தான் பர்ஸுக்கு நல்லது.

நேரம் போதவில்லையா, கால் வலிக்கிறதா? ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபன் – ரோமன்ஸ்ஹார்ன் ஃபெர்ரி முக்கால் மணி நேரத்துக்குள் ஏரியைக் குறுக்கே கடந்துவிடும், சைக்கிளுக்குத் தனிக் கட்டணம். படகில் ஏறும் முன் கரையில் சுழலும் ஆரஞ்சு விளக்கைப் பாருங்கள். நிமிடத்துக்கு 40 முறை மின்னினால் பலத்த காற்று வரலாம், 90 முறை என்றால் புயல் எச்சரிக்கை. அப்போது குளிக்க இறங்காதீர்கள், மரத்தடியிலும் நிற்காதீர்கள், பக்கத்து ரயில் நிலையத்துக்குள் வண்டியோடு ஒதுங்கிவிடுங்கள்.