பந்தயக் காருக்கு டயர் அகலம்: ரிம்மிலிருந்து தொடங்குங்கள்

சர்க்யூட் பந்தயத்துக்காக முதல் காரைத் தயார் செய்பவர்கள் பெரும்பாலும் மட்கார்டுக்குள் எவ்வளவு அகலமான டயர் நுழையும் என்ற கேள்வியோடுதான் தொடங்குகிறார்கள். அதைக் கடைசிக்கு முந்தைய கேள்வியாகத் தள்ளிவைக்கச் சொல்வேன். அமெரிக்க அமெச்சூர் பந்தயங்களில் பரவலாக ஓடும் முதல் தலைமுறை மாஸ்டா மியாட்டாவை இங்கே உதாரணமாகக் கொள்கிறேன். 1.6 லிட்டர் என்ஜினும் ஏறத்தாழ 1,000 கிலோ எடையும் கொண்ட அந்தக் கார், 1990-இல் 5.5 அங்குல ரிம்மில் 185/60 ஆர் 14 டயர்களோடு விற்பனைக்கு வந்தது.

முதலில் உங்கள் பிரிவின் விதிப் புத்தகத்தைப் படியுங்கள். அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் சங்கமான எஸ்.சி.சி.ஏ நடத்தும் ஸ்பெக் மியாட்டா பிரிவில் ரிம் 7 அங்குலம், டயர் 205/50 ஆர் 15 என்று விதியே முடிவு செய்துவிடுவதால் அங்கே யோசிக்க ஒன்றுமில்லை. விதி தளர்வாக உள்ள பிரிவில் ஓட்டுபவர்களுக்கே இனி வரும் படிகள் தேவைப்படும்.

அடுத்து, பக்கச்சுவரில் உள்ள எண்களைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். 205 என்பது ஒரு பக்கச்சுவரிலிருந்து மறு பக்கச்சுவர் வரையுள்ள அகலம், மில்லிமீட்டரில். தரையைத் தொடும் பட்டையின் அகலம் அன்று. 50 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பதைக் காட்டுகிறது. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். அந்த 205-ம் குறிப்பிட்ட ஓர் அளவு ரிம்மில் மாட்டி அளந்ததுதான். ரிம் அரை அங்குலம் அகன்றால் டயரும் ஏறத்தாழ 5 மி.மீ. அகலும். ஒரே எண் பொறித்த இரு நிறுவனங்களின் டயர்களை அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று மற்றதைவிடக் கண்ணுக்குத் தெரியும்படி அகலமாக இருப்பதும் உண்டு.

அகலம் கூடினால் பிடிமானம் கூடும் என்பது பாதி உண்மை. ஒரு சக்கரத்தின் மீது 250 கிலோ எடை இறங்குகிறது, காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோ, அதாவது சுமார் 28 பி.எஸ்.ஐ. என்று வைத்துக்கொண்டால், டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 125 சதுர சென்டிமீட்டர். அதே அழுத்தத்தில் அகலமான டயரை மாட்டினாலும் இந்தப் பரப்பு அதிகம் மாறாது. நீண்டு ஒடுங்கி இருந்தது குட்டையாகி அகலும். வளைவில் இந்த வடிவம் உதவுகிறது. சூட்டைத் தாங்கிக்கொள்ளக் கூடுதல் ரப்பரும் கிடைப்பதால், பத்துச் சுற்றுகளுக்குப் பிறகும் டயர் வழுக்கத் தொடங்குவதில்லை. ஆனால் மியாட்டா போன்ற எடை குறைந்த காரால் அவ்வளவு ரப்பரைச் சூடாக்க முடியாமலும் போகலாம். சூடேறாத பந்தய டயரை நம்பி வளைவில் இறங்குவது ஈரத் தரையில் ஓடுவதைப் போன்றது. போதாக்குறைக்கு, குறைந்த குதிரைத்திறன் உள்ள என்ஜின் நேர்ப்பாதையில் கூடுதல் எடையையும் காற்றுத் தடையையும் இழுத்துச் செல்ல வேண்டியிருக்கும்.

இப்போது ரிம். 205/50 ஆர் 15 டயருக்கு 5.5 முதல் 7.5 அங்குலம் வரையும், 225/45 ஆர் 15 டயருக்கு 7 முதல் 8.5 அங்குலம் வரையும் உள்ள ரிம்கள் ஏற்றவை. அனுமதி வரம்பின் கீழ் விளிம்பில் நின்றுகொண்டு அகலத்துக்கு ஆசைப்படாதீர்கள். 7 அங்குல ரிம்மில் 225 டயரை மாட்டி நானே பட்டிருக்கிறேன். பக்கச்சுவர்கள் உள்நோக்கி இழுக்கப்பட்டு, பட்டையின் நடுப்பகுதி புடைத்து நின்றது. காற்றைக் குறைத்தால் வளைவில் டயர் பக்கவாட்டில் மடிந்தது. ஏற்றினால் நடுப்பகுதி மட்டும் சூடாகித் தேய்ந்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பிய பிறகு கார் யோசித்துவிட்டுத் திரும்பியது. பழைய 205-ஐ மாட்டியதும் சுற்று நேரம் குறைந்தது.

இட அளவைப் பார்ப்பது இதற்குப் பிறகுதான். அதே ரிம்மும் அதே ஆஃப்செட்டும் (சக்கரத்தை அச்சோடு பொருத்தும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து விலகியிருக்கும் தூரம்) இருக்கையில் 205-இலிருந்து 225-க்குப் போனால் உள்ளே 10 மி.மீ., வெளியே 10 மி.மீ. வரை இடம் தேவைப்படும். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஜாக்கியால் சக்கரத்தை மேல்வரை தூக்கி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுவதும் திருப்பி எங்கே உரசுகிறது என்று பாருங்கள். நின்ற நிலையில் விரல் நுழைகிறது என்பதெல்லாம் சோதனை ஆகாது. டயரின் முழு விட்டத்தையும் கணக்கிடுங்கள், அது மாறினால் கியர் விகிதத்தை மாற்றியது போலாகும்: 205/50 டயருக்கு 586 மி.மீ., 225/45 டயருக்கு 583.5 மி.மீ. என்பதால் இங்கே கியர் விகிதத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

இறுதி முடிவைத் தெர்மாமீட்டரிடம் விடுங்கள். ஐந்தாறு வேகச் சுற்றுகள் ஓட்டி, பிட்டுக்குள் (தடத்தை ஒட்டி கார்களைப் பராமரிக்கும் இடம்) வந்து நின்றவுடன், ஊசி முனையுள்ள கருவியை ரப்பருக்குள் செருகி உட்புறம், நடு, வெளிப்புறம் என மூன்று இடங்களில் அளக்க வேண்டும். மேற்பரப்பு நொடிகளில் குளிர்ந்துவிடுவதால் தூரத்திலிருந்து அளக்கும் அகச்சிவப்புக் கருவியை நான் நம்புவதில்லை. காற்றழுத்தத்தையும் கேம்பரையும் (சக்கரம் செங்குத்திலிருந்து உள்ளே அல்லது வெளியே சாயும் கோணம்) சரிசெய்த பிறகும், தயாரிப்பாளர் சொல்லும் வெப்ப வரம்பைத் தாண்டி டயர் கொதித்து, சுற்றுக்குச் சுற்று நேரம் கூடிக்கொண்டே போனால், அகலமான ரிம்மையும் டயரையும் சேர்த்தே வாங்குங்கள். அந்த வரம்பையே எட்டவில்லை என்றால் ஓர் அளவு குறுகலான டயருக்கு இறங்கிவிடலாம். அதன் விலையும் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.