இணையதளங்கள் விட்டுவிட்டுத் திறந்தால் பழுதைக் கண்டறிவது எப்படி?

ஒரு நேரம் சட்டென்று திறக்கும் தளம் மறுநேரம் 'இந்தத் தளத்தை அடைய முடியவில்லை' என்று நின்றுவிட்டால், நம்மில் பெரும்பாலோர் உடனே ரூட்டரை அணைத்துப் போடுகிறோம். அதனால் இணைப்பு பல வேளைகளில் திரும்பிவிடும். ஆனால் பழுது எங்கே இருந்தது என்பதற்கான தடயமும் அதோடு அழிந்து, அடுத்த நாள் அதே தொல்லை வந்து நிற்கும். ஆகவே பிழை கண்முன் இருக்கும்போதே சோதித்துவிட வேண்டும்.

முதலில், கைப்பேசியின் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வீட்டு வைஃபை வழியாக அதே தளத்தைத் திறந்து பாருங்கள். அங்கே தடையின்றித் திறந்தால், கணினியின் மீதே சந்தேகம் கொள்ளலாம்.

அடுத்த சோதனைதான் முக்கியமானது. விண்டோஸில் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் பிராம்ப்ட் சாளரங்கள் இரண்டைத் திறந்து, ஒன்றில் ரூட்டரின் முகவரிக்கும் (பல வீடுகளில் அது 192.168.1.1), மற்றொன்றில் கூகுளின் 8.8.8.8 முகவரிக்கும் பிங் (ping) கட்டளையை, அதாவது ஒரு முகவரிக்குச் சிறு செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளையை, தொடர்ந்து ஓடவிடுங்கள். கட்டளையின் இறுதியில் சிறு கோடும் t என்ற ஆங்கில எழுத்தும் (-t) சேர்த்தால், நீங்கள் நிறுத்தும்வரை அது ஓடும். தளம் நின்றுபோகும் அந்த நொடியில் இரண்டு சாளரங்களையும் பாருங்கள்.

ரூட்டரிடமிருந்தே பதில் வராவிட்டால், அல்லது ஓரிரு மில்லிவினாடியில் வந்துகொண்டிருந்த பதில் 300, 400 என்று ஏறினால், கணினிக்கும் ரூட்டருக்கும் இடையில்தான் சிக்கல். லேன் கேபிளைச் செருகியதும் அது சரியாகிவிட்டால், குற்றவாளி வைஃபை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும் பகிர்ந்துகொள்வதால், ரூட்டர் அருகில் இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுவது நல்லது. மடிக்கணினியாக இருந்தால், மின்சாரத்தை மிச்சப்படுத்த வைஃபை அட்டையை அணைத்துக்கொள்ளும் அனுமதியை டிவைஸ் மேனேஜரில் நீக்கிவிடுங்கள்.

ரூட்டர் ஒழுங்காகப் பதில் தந்து, 8.8.8.8 மட்டும் மௌனமானால், கோளாறு பெரும்பாலும் வெளி லைனில் இருக்கும். ஃபைபர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறதா, கேபிள் எங்காவது கூர்மையாக மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். நின்ற நேரங்களைக் குறித்து வைத்துக்கொண்டு சேவை நிறுவனத்திடம் சொல்லுங்கள். 'அடிக்கடி போகிறது' என்ற புகாரைவிட அந்தக் குறிப்புக்கு வலு அதிகம்.

இரண்டும் சீராக ஓடியும் தளம் திறக்காவிட்டால், தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் தடுமாறுகிறது என்று கருத இடமுண்டு. நெட்வொர்க் அமைப்பில் டிஎன்எஸ் முகவரியை 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று மாற்றிப் பாருங்கள். விபிஎன் (இணைப்பை வேறொரு சர்வர் வழியாகச் செலுத்தும் செயலி), பிரவுசர் நீட்சிகள் ஆகியவற்றையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கலாம். ஆனால் கணினிக்குக் காவலாக இருக்கும் ஃபயர்வாலை நிரந்தரமாக அணைத்துவிடாதீர்கள்.

பாதுகாப்புச் சான்றிதழ் பற்றிய எச்சரிக்கை பல தளங்களில் வந்தால், அதைத் தாண்டிச் செல்லாமல் கணினியின் தேதியையும் நேரத்தையும் சரிபாருங்கள்; அவை தவறாக இருந்தாலும் இந்த எச்சரிக்கை வரும். மேசைக் கணினியில் மின்சாரத்தை நிறுத்திப் போடும்போதெல்லாம் கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விட்டால், மதர்போர்டில் உள்ள நாணய வடிவ பேட்டரியை மாற்ற வேண்டும். பெரும்பாலும் அது சிஆர் 2032 வகையாக இருக்கும்.