உள்ளுணர்வை நம்பிச் செதுக்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வரைபடம் வேண்டாம், அளவெடுத்த மாதிரி வேண்டாம், கல்லையோ மரத்தையோ முன்னால் வைத்துக்கொண்டு கை போகிற போக்கில் செதுக்கலாம். இந்த எண்ணத்தோடு உளியைத் தொடுபவர்கள் பலர். அதில் தவறே இல்லை. ஆனால் உள்ளுணர்வு என்றால் யோசிக்காமல் வெட்டுவது என்று நினைத்துக்கொள்வதுதான் முதல் தவறு. அந்த உணர்வு வெறும் மனசுக்குள்ளிருந்து வருவதில்லை, பொருளை உற்றுப் பார்ப்பதிலிருந்து வருகிறது.

இத்தாலியச் சிற்பி மைக்கேலாஞ்சலோவின் தாவீது சிலை நல்ல உதாரணம். 1464-இல் வேறொரு சிற்பி எடுத்து, கொஞ்சம் செதுக்கிவிட்டுப் பிறகு கைவிட்ட பளிங்குக்கல் அது. உயரம் இருந்தது, ஆழம் போதவில்லை. 1501-இல் அதை எடுத்த மைக்கேலாஞ்சலோ, இருக்கிற கல்லுக்குள் அடங்கும்படி உருவத்தை அமைத்து 1504-இல் முடித்தார். மெழுகிலும் களிமண்ணிலும் சின்ன மாதிரிகள் செய்து பார்க்கும் வழக்கமும் அவருக்கு இருந்தது. ஆகவே, மாதிரி செய்து பார்த்தால் உள்ளுணர்வு கெட்டுவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை.

கல்லைச் சோதிக்காமல் தொடங்குவது அடுத்த தவறு. சுத்தியலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் பெரும்பாலும் நல்ல கல். மந்தமாக ஒலித்தால் உள்ளே விரிசல் இருக்கலாம். அப்புறம் கல் முழுவதையும் தண்ணீரால் நனைத்துக் காயவிடுங்கள். மேற்பரப்பு உலர்ந்த பிறகும் ஈரக்கோடு ஒன்று கறுப்பாக நின்றால் அங்கே விரிசல் ஓடுகிறது. அந்த இடத்தில் மூக்கையோ விரலையோ வைக்கக் கூடாது.

மரத்தில் பிரச்சினை ஈரம். மரம் காயும்போது எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்காது. ஆண்டு வளையங்களின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிப்பட்டை நோக்கிச் சுருங்குவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதனால்தான் முழு உருண்டைக் கட்டை வெளியிலிருந்து நடுத்தண்டு வரை பிளக்கிறது. பச்சைக் கட்டையில் முகம் செதுக்கி வைத்தால், காய்ந்த பிறகு அந்த முகத்தின் குறுக்கே வெடிப்பு ஓடும். கட்டையை நடுத்தண்டு வழியாக இரண்டாகப் பிளந்து, வெட்டுமுனைகளில் மெழுகு பூசி நிழலில் காயவிடுங்கள். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓர் ஆண்டு என்பது தோராயக் கணக்கு. பாத்திரம்போல உள்ளே குடைந்து சுவரை மெல்லியதாக்கும் வேலைக்குப் பச்சை மரம் சரி. கனமான உருவத்துக்குச் சரிப்படாது.

இனி, மரத்தின் நார் ஓடும் போக்கு. எனக்கு இதுதான் செதுக்கும் கலையின் உயிர்நாடி. உளி நாரோடு இசைந்து போனால் சீவல் சுருள் சுருளாக விழும், வெட்டிய இடம் மினுமினுக்கும். எதிராகப் போனால் சத்தமே மாறும். நார் கிளம்பி, நாம் நினைத்த ஆழத்துக்கும் கீழே பிய்த்துக்கொண்டு போகும். அந்த நொடியில் இன்னும் பலமாகத் தள்ளுவதுதான் எல்லோரும் செய்வது. நிறுத்துங்கள், எதிர்ப்பக்கத்திலிருந்து வாருங்கள். நார் நீளவாக்கில் ஓடும் கட்டையில், மேட்டில் வெட்டும்போது உச்சியிலிருந்து இரு பக்கமும் இறங்க வேண்டும். பள்ளத்தில் இரு விளிம்புகளிலிருந்தும் அடி நோக்கி வர வேண்டும். கை இதற்குப் பழகிய பிறகு காதே சொல்லிவிடும். மொட்டை உளியில் இந்தச் சத்தம் எதுவும் கேட்காது. அதனால் அடிக்கடி தீட்டுங்கள்.

பளிங்கில் வேறு விதமான ஆபத்து. இறுதிப் பரப்புக்கு அருகில் வந்த பிறகும் உளியைச் செங்குத்தாக நிறுத்தி ஓங்கி அடித்தால், அடிபட்ட இடத்தில் கல் உள்ளே நொறுங்கும். அப்போது பெரிதாகத் தெரியாது. மெருகேற்றும்போது வெள்ளைத் திட்டாக வெளிவரும், சுலபத்தில் போகாது. நெருங்க நெருங்க உளியைச் சாய்த்துப் பிடியுங்கள்.

முகம் பிடித்துப்போய் முகத்தையே முடிப்பதும் உண்டு. அப்புறம் தோள் எங்கே வர வேண்டும் என்று பார்த்தால் அங்கே கல் மிச்சமிருக்காது. சுற்றிச் சுற்றி வந்து எல்லாப் பக்கமும் ஒன்றாகக் குறையுங்கள். கழுத்து, கை, கணுக்கால் போன்ற மெல்லிய இடங்களைக் கடைசி வரை தடிமனாகவே விட்டுவையுங்கள். எதிர்பாராத விரிசல் வந்தால் உருவத்தை மாற்ற அந்தச் சதைதான் இடம் கொடுக்கும்.

தூசியைப் பற்றி அலட்சியம் கூடவே கூடாது. கருங்கல்லிலும் மணற்கல்லிலும் உள்ள சிலிக்காத் தூள் நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் நோயைத் தரும். அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. சில மாக்கற்களில் நுரையீரலுக்குக் கேடான ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். மரத்தூளும் தீங்குதான். துணியைக் கட்டிக்கொள்வது போதாது. நுண்தூசியை வடிக்கும் முகக்கவசம் போடுங்கள், கல்லை முடிந்தவரை நனைத்து வேலை செய்யுங்கள்.

உப்புத்தாளை அவசரப்பட்டு எடுக்காதீர்கள். அதன் துகள்கள் மரத்தில் பதிந்துவிடும். திரும்ப உளி வைத்தால் முனை மழுங்கும். உளி வேலை முழுவதும் முடிந்தபின் சொரசொரத் தாளில் தொடங்கி, ஒவ்வொன்றாக மென்மைக்குப் போங்கள். எண்ணெய் பூசுவதற்கு முன் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். கீறல் தெரிந்தால் முந்தைய தாளுக்கே திரும்ப வேண்டும்.