விளையாடும் குழந்தையின் பக்கத்தில் எப்படி உட்காருவது?

பாலர் வகுப்பில் வேலை பார்ப்பவள் நான். "எந்தப் பொம்மை வாங்கினால் மூளை வளரும் டீச்சர்?" என்று கேட்காத பெற்றோர் குறைவு. பொம்மை இருக்கட்டும். பக்கத்தில் உட்காரும் பெரியவருக்குத்தான் என் பாடம்.

தரையில் உட்காருங்கள். கைபேசி வேறு அறையில் இருக்கட்டும். மரக்கட்டைகள், மூடியுள்ள டப்பா, கரண்டி, பழைய துணி என்று நான்கைந்து பொருள்கள் போதும். மூன்று வயதுக்குள் என்றால் வாய்க்குள் முழுதாகப் போகிற எதுவும் கூடாது. பொத்தான் பேட்டரியும் குட்டிக் காந்தமும் எந்த வயதிலும் கைக்கு எட்டக் கூடாது.

அப்புறம், வாயை மூடிக்கொள்ளுங்கள். கஷ்டம்தான். "இது என்ன கலர்? எத்தனை இருக்கு?" என்று ஆரம்பித்தால் விளையாட்டு பரீட்சையாகிவிடும். ஏதாவது பேசியே ஆகவேண்டும் என்றால் கண்ணில் படுவதைச் சொல்லுங்கள்: "நீளக் கட்டையை மேலே வைக்கிறியா!"

என் வகுப்பில் ஒரு சிறுமி இரண்டு கட்டைகளை நிறுத்தி, மேலே ஒன்றை வைத்துப் பாலம் கட்டப் பார்த்தாள். இடைவெளி அதிகம், விழுந்தது. அதையே திருப்பி வைத்தாள், மறுபடி விழுந்தது. கட்டையை இடைவெளியின் மேல் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். பிறகு ஒரு தூணை மெல்ல நகர்த்தினாள். நின்றுவிட்டது! அளப்பதும் ஒப்பிடுவதும் அந்தக் குனிதலுக்குள்ளேயே நடந்து முடிந்தன. நான் கை நீட்டியிருந்தால் பாலம் சீக்கிரம் வந்திருக்கும், அவ்வளவுதான்.

குழந்தை அழுகிற கட்டத்துக்கு வந்தால் உதவலாம். கட்டித் தராதீர்கள், நீளமான கட்டை ஒன்றை அருகில் நகர்த்தி வையுங்கள். தனியாக எட்டாததைச் சிறு துணையோடு எட்டிவிடும் இந்த எல்லையைப் பற்றித்தான் ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகோட்ஸ்கி எழுதினார்.

அதே கட்டையைக் காதில் வைத்து "அலோ" என்றால், நீங்களும் இன்னொரு கட்டையை எடுத்துப் பேசுங்கள். வெட்கமெல்லாம் வேண்டாம். ஒன்றை இன்னொன்றாகப் பாவிக்கும் இந்தத் திறன், பின்னால் எழுத்தும் எண்ணும் படிக்கத் தேவைப்படும்.

இரண்டு வயதுக் குழந்தைகளைச் "சேர்ந்து விளையாடு" என்று விரட்டாதீர்கள். அருகருகே தனித்தனியாக விளையாடுவது அந்த வயதின் இயல்பு. அமெரிக்கச் சமூகவியலாளர் மில்ட்ரெட் பார்ட்டன் 1932-லேயே இதை வகைப்படுத்தி எழுதிவிட்டார். ஒரே மாதிரிப் பொருள் இரண்டு வைத்தால் பாதிச் சண்டை குறையும்.

உட்கார்ந்தே இருக்கவும் விடவேண்டாம். ஒன்று முதல் நான்கு வயது வரை நாளெல்லாம் சேர்த்துக் குறைந்தது 180 நிமிடம் ஓடியாட வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் 2019 பரிந்துரை.

முடிக்கும்போது "இன்னும் ரெண்டு கட்டை, அப்புறம் குளியல்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கட்டியதை உடனே கலைக்கச் சொல்லாதீர்கள். மறுநாள் அதிலிருந்தே தொடர்வார்கள். வீட்டில் இடம் இல்லையா? பலகையின் மேல் கட்டச் சொல்லுங்கள். அப்படியே ஓரமாக நகர்த்திவிடலாம்.