கூடத்து ஊஞ்சலைத் துணிச்சதுரமாகத் தைக்கும் முறை

எங்கள் பாட்டி வீட்டுக் கூடத்தில் பித்தளைச் சங்கிலிகளில் தொங்கிய தேக்கு ஊஞ்சலை மனத்தில் கொண்டு, துணித்துண்டுகளை இணைத்துத் தைக்கும் குவில்ட் போர்வைக்கான 12 அங்குலச் சதுரம் ஒன்றை இவ்வாறு அமைக்கலாம்.

பலகைக்குப் பாட்டியின் பழைய காப்பி நிறப் பருத்திப் புடவையும், பின்னணிக்கு வெளிர்நிறப் பருத்தித் துணியும் பொருந்தும். பழம்புடவை நெகிழ்ந்து கொடுக்குமாதலால், கஞ்சியிட்டு இஸ்திரி செய்த பின்னரே வெட்ட வேண்டும்.

எல்லாத் தையல்களுக்கும் கால் அங்குல ஓரம் விடுங்கள். பலகைக்கு 10½ × 2½ அங்குலத் துண்டு ஒன்று. அதன் இரு முனைகளிலும் இணைக்க 1½ × 2½ அங்குலப் பின்னணித் துண்டுகள் இரண்டு. அடிப்பகுதிக்கு 12½ × 2½ அங்குலத் துண்டு ஒன்று.

மேற்பகுதியில்தான் பொறுமை தேவை. முடிவில் 12½ × 8½ அங்குலம் வர வேண்டிய இத்துண்டை முதலில் 14 × 10 அங்குலமாக வெட்டி, பக்க ஓரங்களிலிருந்து மூன்றரை அங்குலம் உள்தள்ளி மேலிருந்து கீழ்வரை இரு கோடுகள் வரைந்து, அவற்றின்மேல் கடுகு மஞ்சள் நூலால் சங்கிலித் தையல் போடுங்கள். உண்மையான சங்கிலியின் கண்ணிகளை இதைவிட நன்றாகக் காட்டும் தையல் வேறில்லை என்பது என் கருத்து. பூவேலையில் துணி சற்றே சுருங்குவதால், அது முடிந்த பிறகே நான்கு புறமும் சமமாக நறுக்கி உரிய அளவுக்குக் கொண்டுவர வேண்டும்.

பின்னர் மேற்பகுதி, பலகை வரிசை, அடிப்பகுதி என்ற முறையில் இணைத்தால், சங்கிலிகளின் கீழ்முனைகள் பலகையின் தையலுக்குள் மறைந்துவிடும். தையல் ஓரங்களைப் பலகைப் பக்கமாக மடித்து இஸ்திரி செய்யுங்கள்.