மொறிஸ் மைனரை வீட்டில் திருத்துபவர்கள் விடும் தவறுகள்

பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் கொஞ்சம் பெற்றோல் காட்டிக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயிலேயே ஓட்டிய கார்களில் மைனரும் ஒன்று. அந்த எஞ்சின் எதையும் பொறுக்கும். பொறுக்காதவை அடித்தகடும் முன் சில்லும் பிறேக்கும். ஆனால் வீட்டில் திருத்துபவர்கள் முதலில் கழற்றுவது எஞ்சினைத்தான்.

மைனருக்குத் தனிச் சேசி கிடையாது, உடம்பேதான் சேசி. முன் ஆசனங்களுக்குக் கீழே குறுக்கே ஓடும் பெட்டித்தகடு, கதவுக்குக் கீழுள்ள சில், பின் ஸ்பிறிங் பூட்டும் இடம் ஆகிய மூன்றும்தான் காரைத் தாங்குகின்றன. கம்பளத்தைத் தூக்கி, ஸ்குறூ டிரைவரின் முனையால் இவற்றைக் குத்திப் பாருங்கள். உள்ளே போனால், பெயின்ற் கதையை அடுத்த வருடத்துக்குத் தள்ளி வைக்க வேண்டியதுதான். துருவின் மேல் புட்டி பூசி மூடினால் ஈரம் உள்ளேயே நின்று, ஒரு மாரிக்குள் வீங்கி வெடிக்கும்.

கதவுக்குக் கீழுள்ள அந்தச் சில் தகட்டை வெட்டி மாற்றும்போது நடக்கும் தவறுதான் மிகவும் விலை கூடியது. ஒரு பக்கம் ஜக்கில் நிற்க, தாங்கு இல்லாமல் வெட்டினால் உடம்பு நடுவில் தொய்ந்துவிடும். வெல்டிங் முடிந்த பிறகுதான் கதவு பூட்டாது என்பது தெரியவரும். வெட்டுமுன் கதவு வாசலின் குறுக்கே, பிணைச்சல் தூணிலிருந்து பூட்டுத் தூணுக்கு, ஓர் அங்குலச் சதுர இரும்புக் குழாயை வெல்ட் பண்ணுங்கள். காரை மட்டமாக நிறுத்தி, ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பின்பே மற்றப் பக்கத்தைத் தொடுங்கள். இடையிடையே கதவைப் பூட்டி இடைவெளியைப் பார்த்துக்கொள்வது நல்லது. முன் ரோர்சன் பார்களின், அதாவது ஸ்பிறிங்குக்குப் பதிலாக முறுகிக் காரைத் தாங்கும் கம்பிகளின், பின்முனை அந்தக் குறுக்குத்தகட்டில்தான் பிடித்திருக்கிறது. அதன் இறுக்கத்தைத் தளர்த்தாமல் அங்கே வெட்ட வேண்டாம். பெற்றோல் தாங்கி டிக்கியின் அடியில் இருக்கிறது. பின்பக்கம் வெல்டிங் என்றால் அதைக் கழற்றி வெளியே கொண்டுபோங்கள். தாங்கி வெறுமையாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். உள்ளே நிற்கும் ஆவிதான் வெடிக்கும்.

அடுத்தது முன் சில்லு. முன் சில்லு திரும்புவது கிங்பின் என்ற நிமிர்ந்த தண்டில். அதன் மேலும் கீழும் உள்ள திரணியன் என்ற பிடிகளில் கிங்பின் மரை வழியே பூட்டியிருக்கிறது. கிறீஸ் இல்லாமல் ஓடினால் கீழ் மரை தேய்ந்து, ஒரு நாள் கிங்பின் கழன்று சில்லு அப்படியே மடிந்து கிடக்கும். 1600 கிலோமீற்றருக்கு ஒரு தடவை கிறீஸ் அடிக்க வேண்டும். சில்லு நிலத்தில் நிற்கும்போது அடித்தால் பாரம் தாங்கும் பக்கத்துக்குக் கிறீஸ் போகாது. ஜக்கில் தூக்கி, ஸ்ராண்டில் நிறுத்தி அடியுங்கள். பழைய கிறீஸ் பிதுங்கி வர வேண்டும். வராவிட்டால் கிறீஸ் ஏற்றும் நிப்பிள் அடைத்திருக்கிறது, கழற்றித் துப்புரவாக்குங்கள். புதுக் கிங்பின் வாங்கும்போது இடது, வலது என்று கேட்டு வாங்குங்கள்; ஒன்றை மற்றதற்குப் பூட்ட முடியாது.

பிறேக் மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைத்தகட்டுக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. கண்ணில் படாததால் பலர் திறப்பதே இல்லை. திறப்பவர்கள் சுற்றியுள்ள மண்ணைத் துடைக்காமல் மூடியைச் சுழற்றுகிறார்கள். மண் உள்ளே விழுந்து றப்பரைக் கீறிவிடும். அவசரத்துக்கு எஞ்சின் ஒயில் விட்டால் றப்பர் முழுவதும் வீங்கும், எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும். முன் சில்லு ஒவ்வொன்றின் பிறேக்கிலும் சரிசெய்யும் திருகு இரண்டு உண்டு. ஒன்றை மட்டும் திருகிவிட்டு, பெடல் ஆழமாகப் போகிறதே என்று பிறேக் குழாயிலிருந்து காற்று எடுத்துக்கொண்டிருப்பவர்கள் ஏராளம்.

கியர்பொக்ஸுக்குத் தடித்த கியர் ஒயில் விடுவதும் வழக்கமாகிவிட்டது. அதற்கு எஞ்சின் ஒயில்தான், சுமார் 1.3 லீற்றர். ஈ.பி. 90 என்ற தடித்த கியர் ஒயில் பின் அக்சிலுக்கு உரியது. டைனமோ பூட்டிய மைனரில் பற்றறியின் நேர்முனைதான் உடம்போடு சேரும். புது ரேடியோவை வழமைபோல இணைத்தால் கருகிவிடும். முன்பு யாராவது மாற்றியிருக்கவும் கூடும், வயரைப் பார்த்த பிறகே இணையுங்கள். பெரும்பாலான நட்டுகள் அங்குல அளவு. அரை அங்குல நட்டுக்கு 13 மில்லிமீற்றர் ஸ்பனர் போட்டால் மூலை மழுங்கும்.

எஞ்சினுக்கு வந்தால், ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, படிப்படியாக 40 றாத்தல்-அடி வரை இறுக்குங்கள். ஒரே மூச்சில் இறுக்கினால் கஸ்கற் ஊதும். வால்வு இடைவெளி குளிர்ந்த நிலையில் 0.012 அங்குலம். எந்த வால்வை எப்போது பார்ப்பது என்று குழம்ப வேண்டாம், எட்டு வால்வுகளில் முழுதாகத் திறந்திருப்பதன் எண்ணையும் பார்க்க வேண்டியதன் எண்ணையும் கூட்டினால் 9 வர வேண்டும்: 8ஆவது முழுதாகத் திறந்திருக்கும்போது 1, 6ஆவது திறந்திருக்கும்போது 3. சுமார் 800 கிலோமீற்றர் ஓடிய பிறகு ஹெட்டை மறுபடி இறுக்கினால், வால்வு இடைவெளியையும் திரும்பப் பார்க்க வேண்டும், அது மாறியிருக்கும்.